மாத்திரை அட்டையே சோதனைக்கூடம்

பள்ளிகளுக்குக் கற்பித்தல் பயிற்சிக்குப் போகும் ஆசிரியர் பயிற்சி மாணவர்கள் தீர்ந்த மாத்திரை அட்டைகளைத் தூக்கி எறிய வேண்டாம். பின்புறத் தகட்டை முழுதும் உரித்து, நன்றாகக் கழுவிக் காயவைத்தால் ஒவ்வொரு குழியும் ஒரு குட்டிச் சோதனைக்குழாய். பெரிய கேப்சூல் அட்டைதான் வசதி. குழிகள் ஆடாமலிருக்க ஈரக் களிமண்ணில் அழுத்தி வையுங்கள்.

அமிலமா காரமா என்று நிறம் மாறிக் காட்டும் நிறங்காட்டிக்கு ஈரோட்டு மஞ்சள் இருக்கும்போது லிட்மஸ் எதற்கு? தூளைத் தண்ணீரில் கலக்காதீர்கள். நிறப்பொருள் அதில் சரியாகக் கரையாது. மருந்துக்கடை ஸ்பிரிட்டில் ஊறவைத்து, தெளிவை மட்டும் இறுத்துக்கொள்ளுங்கள். அடுப்போ விளக்கோ பக்கத்தில் இருக்கக் கூடாது.

எலுமிச்சைச் சாறு ஒரு பங்குக்கு ஒன்பது பங்கு தண்ணீர். அதில் 2 சொட்டு, மஞ்சள் தெளிவு 1 சொட்டு குழியில் விட்டு, சுண்ணாம்புத் தெளிநீரைச் சொட்டுச் சொட்டாக எண்ணி விடச் சொல்லுங்கள். மஞ்சள் சட்டென்று செம்பழுப்பாகும் இடத்தில் நிறுத்த வேண்டும். சாற்றை நீர்க்கச் செய்யாவிட்டால் குழி வழிந்தாலும் நிறம் மாறாது. சுண்ணாம்பு நீர் அவ்வளவு வலுக்குறைந்தது. அடுத்த குழியில் இதே அளவு தண்ணீர் சேர்த்த புளிக்கரைசல் 2 சொட்டு, பிறகு அதேபோல் வினிகர். எதற்கு எத்தனை சொட்டு என்று பிள்ளைகளே பட்டியல் போட்டுவிடுவார்கள்.

எல்லாவற்றுக்கும் ஒரே சொட்டுக்குழாய் வேண்டும், செங்குத்தாகப் பிடிக்க வேண்டும். சாய்த்தால் சொட்டின் அளவு மாறி, கணக்கு கெடும். சுண்ணாம்பு கண்ணில் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.