காரை சர்வீஸுக்கு விடுவதற்கு முந்தின நாள் செய்ய வேண்டியவை

கார் வாங்கும்போது ஒரு கையேடு கொடுத்திருப்பார்கள், டேஷ்போர்டு பெட்டிக்குள் பிரிக்காமலே கிடக்கும். முதலில் அதை எடுங்கள். எத்தனை கிலோமீட்டருக்கு அல்லது எத்தனை மாதத்துக்கு ஒருமுறை எதைச் செய்ய வேண்டும் என்று ஒரு அட்டவணை இருக்கும், அதில் மாற்ற வேண்டியதற்கு ஒரு குறி, பார்த்தால் மட்டும் போதும் என்பதற்கு வேறொரு குறி. பார்த்தால் போதும் என்பதையும் மாற்றிவிடுவதில்தான் பலருக்குப் பணம் போகிறது. உங்கள் கார் ஓடிய கிலோமீட்டருக்கு உரிய பகுதியை போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

அப்புறம் வீட்டிலேயே மூன்று விஷயங்களைப் பாருங்கள். பானெட்டைத் திறந்தால் கறுப்பு பிளாஸ்டிக் பெட்டி ஒன்று தெரியும், பெரும்பாலான கார்களில் அதன் கிளிப்பைக் கையாலேயே விடுவிக்கலாம். உள்ளே மடிப்பு மடிப்பாக இருப்பதுதான் ஏர் ஃபில்டர். வெளிச்சத்துக்கு நேரே பிடித்து ஒரு படம் எடுங்கள். நானே மாற்றி இரண்டு மாதம்கூட ஆகாத ஃபில்டரை, அடைத்துப் போய்விட்டது, மாற்ற வேண்டும் என்று ஒரு சர்வீஸ் சென்டரில் சொன்னார்கள். படத்தைக் காட்டியதும் எஸ்டிமேட்டில் அந்த வரியை அடித்துவிட்டார்கள். அடுத்தது டயர்: பள்ளங்களுக்குள் குறுக்கே சின்ன மேடுகள் இருக்கும், சாதாரணமாக 1.6 மி.மீ. உயரம். டயர் அந்த மட்டத்துக்குத் தேய்ந்துவிட்டால் மாற்றியே ஆக வேண்டும். கடைசியாக, சக்கரத்தின் இடைவெளி வழியே டார்ச் அடித்து பிரேக் பேடை, அதாவது பிரேக் போடும்போது சக்கரத்தோடு சுழலும் தட்டை அழுத்திப் பிடிக்கும் பட்டையைப் பாருங்கள். புதிதில் 10 மி.மீ. அளவு தடிமன் இருக்கும், 3 மி.மீ. நெருங்கினால் மாற்றும் நேரம்.

காரை விடும்போது, "அட்டவணையில் இருப்பதை மட்டும் செய்யுங்கள், வேறு எதுவானாலும் எனக்கு போன் பண்ணிக் கேட்டுட்டுச் செய்யுங்கள்" என்று சொல்லி, அதை ஜாப் கார்டில், அதாவது செய்ய வேண்டிய வேலைகளை அவர்கள் குறித்துக்கொள்ளும் தாளில், எழுத வையுங்கள். மாற்றும் பழைய பாகங்கள் வேண்டும் என்பதையும் அப்போதே சொல்லிவிடுங்கள், சாயங்காலம் கேட்டால் குப்பைக்குப் போயிருக்கும். எஞ்சின் ஃபிளஷ், இன்ஜெக்டர் கிளீனிங், ஏசி கிருமிநீக்கம் என்று வரிசையாகக் கேட்பார்கள். "இது கையேட்டில் எந்தப் பக்கத்தில் இருக்கிறது?" என்று திருப்பிக் கேளுங்கள். டயருக்கு நைட்ரஜனா? சாதாரணக் காற்றிலேயே 78 சதவீதம் நைட்ரஜன்தான்.

மதியம் போன் வரும். "பிரேக் பேட் போயிடுச்சு சார், மாத்திடலாமா?" உடனே சரி என்று சொல்லாதீர்கள். எத்தனை மி.மீ. மிச்சம், படம் அனுப்ப முடியுமா, அடுத்த சர்வீஸ் வரை தாங்குமா என்று கேளுங்கள். சந்தேகமாக இருந்தால் இன்னொரு மெக்கானிக்கிடம் காட்டிவிட்டு முடிவு செய்யலாம்.

ஆனால் எல்லாவற்றுக்கும் வேண்டாம் என்று சொல்லிவிடாதீர்கள், இதைக் கெஞ்சிக் கேட்கிறேன். பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும், அதனால் அதன் கொதிநிலை குறையும், நீண்ட மலை இறக்கத்தில் பிரேக் பிடிக்காமல் போகலாம். வால்வுகளையும் பிஸ்டன்களையும் ஒரே தாளத்தில் ஓட வைக்கும் டைமிங் பெல்ட் அறுந்தால் பல எஞ்சின்களில் வால்வும் பிஸ்டனும் மோதி எஞ்சினே போய்விடும். அட்டவணையில் இவற்றுக்கு நாள் வந்துவிட்டால் தள்ளிப்போடவே கூடாது.

பணம் கட்டும் முன் பில்லை எஸ்டிமேட்டோடு வரி வரியாக ஒப்பிடுங்கள். எஞ்சின் ஆயில் எத்தனை லிட்டர் என்று போட்டிருக்கிறார்கள் என்பதை முக்கியமாகப் பாருங்கள். கையேட்டில் மூன்றரை லிட்டர் என்றிருந்து பில்லில் ஐந்து இருந்தால், மீதி ஒன்றரை லிட்டர் எங்கே என்று அங்கேயே நின்று கேளுங்கள்.