ஆல்ட்கெல்டைப் படிக்க எங்கே தொடங்கலாம்

ஜான் பீட்டர் ஆல்ட்கெல்ட், 1893 முதல் 1897 வரை அமெரிக்காவின் இல்லினாய் மாநில ஆளுநர். இவரைப் படிக்கப் போகிறீர்கள் என்றால் தயவுசெய்து பிறப்பிலிருந்து தொடங்காதீர்கள். 1893 ஜூன் 26-ஐ முதலில் எடுங்கள். அன்றுதான், 1886-ல் சிகாகோ தொழிலாளர் கூட்டத்தில் போலீஸ் மேல் குண்டு வீசப்பட்ட ஹேமார்க்கெட் வழக்கில் சிறையில் மிச்சமிருந்த ஃபீல்டன், ஷ்வாப், நீபே மூவரையும் விடுவித்தார்.

அந்த மன்னிப்பு ஆணையை நிதானமாக வாசியுங்கள். இரக்கப்பட்டு விடுகிறேன் என்ற பேச்சே அதில் கிடையாது. ஜூரிகளைக் குலுக்கிப் போட்டு எடுக்காமல் ஓர் அதிகாரி தன் இஷ்டத்துக்குத் தேர்ந்தெடுத்து அழைத்து வந்தது, குண்டை எறிந்தது யார் என்றே கடைசிவரை நிரூபிக்காதது, நீதிபதியின் பாரபட்சம் என்று ஒவ்வொன்றாக அடுக்கிக்கொண்டே போகிறார். இதே வழக்கில் நான்கு பேரை 1887-லேயே தூக்கில் போட்டாயிற்று என்பதை மனதில் வைத்துக்கொண்டு வாசித்தால் நெஞ்சு கனத்துவிடும்.

அப்புறம் பின்னால் போங்கள்: 1847-ல் ஜெர்மனியில் பிறப்பு, கைக்குழந்தையாக அமெரிக்காவின் ஒஹையோ மாநிலத்துக்கு வருகை, 16 வயதில் உள்நாட்டுப் போரில் வடக்குப் படைச் சிப்பாய், பிறகு சிகாகோவில் வக்கீல், நீதிபதி. இதை வேகமாகக் கடந்துவிடலாம்.

புல்மன் என்ற ரயில் பெட்டி கம்பெனியில் தொடங்கிய 1894 ரயில் வேலைநிறுத்தத்துக்கு மட்டும் தனியாக நேரம் ஒதுக்குங்கள். தன்னைக் கேட்காமல் சிகாகோவுக்கு ராணுவம் அனுப்பிய குடியரசுத் தலைவர் கிளீவ்லாண்டுக்கு இவர் எழுதிய ஆட்சேபங்களையும் வந்த பதில்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இருவரும் ஒரே ஜனநாயகக் கட்சி! 1896 கட்சி மாநாட்டில் கிளீவ்லாண்ட் அணியை ஓரங்கட்டியதில் இவர் பங்கு பெரிது, ஆனால் அதே ஆண்டு ஆளுநர் தேர்தலில் தோற்றார்.