கன்டீன் டெண்டர் வரமுன்னே செய்ய வேண்டியவை

சத்துணவு வாரம் என்று பிள்ளைகளைக் கொண்டு கரட் படம் வரைவித்துச் சுவரில் ஒட்டிவிட்டு, மறுநாள் இடைவேளையில் அதே சுவருக்குக் கீழே ரோல்ஸும் பற்றிஸும் விற்பதைப் பார்த்து அலுத்துப்போய்த்தான் இதை எழுதுகிறேன். என் மகள் படிப்பது இலங்கையின் கிழக்கே, கல்முனைப் பக்கம். பாடசாலையின் பெயர் வேண்டாம்.

பிடிக்க வேண்டிய இடம் டெண்டர். கூடிய வாடகை தருவேன் என்றவருக்குக் கன்டீனைக் கொடுத்தால் அந்தக் காசை அவர் எதில் எடுப்பார்? எண்ணெயில் பொரித்த மாச் சாமானில்தான். அதனால் டெண்டர் அறிவித்தல் போகமுன்னே பெற்றோரும் ஆசிரியரும் கூடும் பாடசாலை அபிவிருத்திச் சங்கக் கூட்டத்தில் எழும்பி, என்ன விற்கலாம், என்ன கூடாது என்ற பட்டியலை ஒப்பந்தத்தோடு சேர்க்கச் சொல்லுங்கள், வாடகையையும் கொஞ்சம் இறக்கச் சொல்லுங்கள். கல்வி அமைச்சின் 35/2015 சுற்றறிக்கை கன்டீன் பற்றியதுதான், அதிபரிடம் கேட்டு வாங்கிக் கையில் வைத்துக்கொண்டே பேசுங்கள்.

பானங்களுக்கு நிறப் புள்ளியைப் பாருங்கள். 2016 முதல் போத்தலில் இருக்கிறது: 100 மில்லிலீற்றரில் சீனி 11 கிராமுக்கு மேலென்றால் சிவப்பு, 2 கிராமுக்குக் குறைந்தால் பச்சை, நடுவில் மஞ்சள். மஞ்சளைக் கண்டு ஏமாற வேண்டாம். 10 கிராம் உள்ள பானத்தில் 250 மில்லிலீற்றர் குடித்தால் 25 கிராம், ஐந்தாறு தேக்கரண்டி சீனி! சிவப்பும் மஞ்சளும் வேண்டாம் என்றே எழுதிவிடுங்கள். ஆனால் குடிதண்ணீர்க் குழாய் ஒழுங்காக இல்லாத பாடசாலையில் இந்த விதி ஒரு கிழமை கூட நிற்காது, அதை முதலில் திருத்துங்கள்.

சரி, விற்பது என்ன? கௌபி, பயறு, கடலை, அவித்த சோளம், வாழைப்பழம், இலைக்கஞ்சி, மட்டக்களப்புப் படுவான்கரைத் தயிர். எங்கள் கன்டீன் அக்கா முதலில் கேட்டது, "மிஞ்சினால் ஆர் காசு தாறது?" நியாயம்தானே. காலையிலேயே வகுப்புத் தலைவர்கள் எத்தனை கிண்ணம் வேண்டும் என்று எழுதிக் கொடுக்க, அவர் அந்த அளவுக்கு மட்டும் அவித்தார். கடலையைக் கடுகு, செத்தல் மிளகாய், தேங்காய்ச் சொட்டுப் போட்டு இடைவேளைக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது தாளிக்க வேண்டும், அதற்கு முன் வேண்டாம். அந்த மணம் வகுப்பு வரைக்கும் போகும், மணி அடித்ததும் வரிசை தானாக வரும். விலை ரோல்ஸைவிடக் குறைவாக இருக்கட்டும். பத்திரிகைத் தாளில் சுற்றிக் கொடுக்க வேண்டாம், மை ஒட்டும், பிள்ளை வீட்டிலிருந்தே கிண்ணம் கொண்டுவரட்டும்.

கேற்றுக்கு வெளியே நிற்கும் ஐஸ்பழக்காரரை விரட்டாதீர்கள், அவரும் பிழைக்க வேண்டும். வெட்டிய மாங்காயும் கொய்யாவும் விற்கச் சொல்லிப் பாருங்கள், சுத்தம் பார்க்கப் பிஎச்ஐக்கு (பொதுச் சுகாதாரப் பரிசோதகருக்கு) ஒரு வார்த்தை சொல்லி வையுங்கள்.

அப்புறம் ஆசிரியர்களே, ஓய்வறைக்குச் சோடா வாங்கிவரப் பிள்ளைகளை அனுப்பாதீர்கள்.