பைத்தான் ரேஞ்ச்: கடைசி எண் ஏன் வருவதில்லை?

வரிசையாக எண்கள் வேண்டுமா, பைத்தான் என்ற நிரல்மொழியில் அதற்கு ரேஞ்ச் இருக்கிறது. (இங்கே உச்சரிப்புப்படி தமிழில் எழுதுகிறேன், நீங்கள் ஆங்கிலச் சிறிய எழுத்தில் அடியுங்கள்.)

பிரிண்ட்(ரேஞ்ச்(5)) என்று போட்டால் எண்கள் வராது, ரேஞ்ச்(0, 5) என்றுதான் வரும். பட்டியலாக வேண்டுமென்று லிஸ்ட்(ரேஞ்ச்(5)) என்று கேளுங்கள், 0, 1, 2, 3, 4 கிடைக்கும். 5 இல்லை. எல்லோரும் தடுக்கி விழுகிற இடம் இதுதான். நானும் 12 மாதக் கணக்குக்கு ரேஞ்ச்(1, 12) என்று எழுதிவிட்டு, டிசம்பர் எங்கே போனது என்று அரை நாள் தேடியிருக்கிறேன், 13 என்று கொடுத்திருக்க வேண்டும்.

இரண்டாவது எண்ணை வேலி என்று நினைத்துக்கொள்ளுங்கள், அதைத் தொடுவதற்கு முன்பே வரிசை நின்றுவிடும். இதில் நல்ல வசதி இருக்கிறது: ரேஞ்ச்(3, 10) எத்தனை எண் தரும்? பத்தில் மூன்றைக் கழித்தால் ஏழு, அவ்வளவுதான். அப்புறம் ரேஞ்ச்(0, 100), ரேஞ்ச்(100, 200) என்று ஒரு வேலையைத் துண்டு துண்டாகப் பிரித்தாலும் எந்த எண்ணும் இரண்டு முறை வராது, விட்டும் போகாது.

மூன்றாவதாக ஒரு எண் கொடுத்தால் அது தாவல். ரேஞ்ச்(0, 20, 5) என்றால் 0, 5, 10, 15. தாவல் பூஜ்யமாக இருந்தால் பிழை வரும்.

இறங்குவரிசையில்தான் கவனம் வேண்டும். ரேஞ்ச்(10, 0) என்று எழுதினால் பிழையே காட்டாது, காலி வரிசையைக் கொடுத்துவிட்டுப் பேசாமல் இருக்கும், அதை வைத்து எழுதிய லூப் (ஒவ்வொரு எண்ணுக்கும் ஒருமுறை திரும்ப ஓடும் பகுதி) ஒருமுறைகூட ஓடாது. ரேஞ்ச்(10, 0, -1) என்று எழுதுங்கள், 10 முதல் 1 வரை வரும். பூஜ்யமும் வேண்டுமென்றால் வேலியை -1-க்குத் தள்ளுங்கள்: ரேஞ்ச்(10, -1, -1).

தசமத் தாவல் நடக்காது, 0.1 கொடுத்தால் டைப்எரர் என்ற பிழைதான். ரேஞ்ச்(11) போட்டு ஒவ்வொன்றையும் 10-ஆல் வகுத்தால் 0.0 முதல் 1.0 வரை வந்துவிடும்.

நூறு கோடி எண்களுக்கு ரேஞ்ச் போட்டாலும் மெமரி நிரம்பாது. பைத்தான் 3-இல் அது எண்களைச் சேர்த்து வைப்பதில்லை, தொடக்கம், முடிவு, தாவல் மூன்றை மட்டும் வைத்துக்கொண்டு கேட்கிறபோது கணக்குப் போட்டுத் தருகிறது. ஒரு முழு எண் வரிசையில் இருக்கிறதா என்று கேட்டாலும் அப்படித்தான், ஒவ்வொன்றாகத் தேடாமல் உடனே சொல்லிவிடும். அதனால் பெரிய வரிசையை லிஸ்ட்டுக்குள் போடாதீர்கள், நேராக ஃபார் லூப்பில் கொடுங்கள்.