பேச்சு வராத குழந்தையிடம் நாம் செய்யும் தவறுகள்

எங்கள் பேச்சுப் பயிற்சிப் பிரிவுக்கு ஆண்டுதோறும் புதியவர்கள் தொழில் கற்க வருகிறார்கள். கெட்டிக்காரப் பிள்ளைகள்தான். ஆனாலும் நாங்கள் சேர்ந்த புதிதில் எங்கெங்கே சறுக்கினோமோ, அங்கேயே வந்து சறுக்குகிறார்கள். குழந்தை கையில் போன் கொடுக்காதே, வசம்பை நாக்கில் தேய்த்தால் பேச்சு வந்துவிடாது என்பதெல்லாம் ஊருக்கே தெரியும். அவற்றை விட்டுவிடுகிறேன்.

காதைச் சோதிக்காமல் பயிற்சி தொடங்குவது

இன்றைக்கும் எரிச்சல் வரும் எனக்கு. மூன்று வயதுப் பையன். ‘ஆ’, ‘ம்மா’ தவிர வேறு பேச்சில்லை. முதலில் பார்த்த இடத்தில் கேஸ் ஷீட்டில் ‘கேட்கும் திறன் சரி’ என்று எழுதியிருந்தார்கள். எப்படித் தெரிந்ததாம்? பின்னால் நின்று கைதட்டினார்களாம், திரும்பினானாம். பாட்டியும் சாட்சி சொன்னார்: “மிக்ஸி போட்டா அலறுவான் மேடம், பாம்புச் செவி அவனுக்கு.”

அதை நம்பி ஒரு வருடம் பட அட்டையைக் காட்டி ‘நாய் சொல்லு, பூனை சொல்லு’ என்று ஓட்டியிருக்கிறார்கள். பையன் எழுந்து ஓடுவான், அட்டையைக் கடிப்பான். அடங்காப்பிள்ளை என்ற பேரும் சேர்ந்துகொண்டது. எங்களிடம் வந்ததும் தூங்கவைத்து பெரா டெஸ்ட் எடுத்தோம்; ஒலி கேட்கும்போது செவி நரம்பும் மூளைத்தண்டும் காட்டும் மின்சைகையைப் பதிவுசெய்யும் சோதனை அது. இரண்டு காதிலும் 70 டெசிபல் அளவுக்கு இழப்பு; அதற்குக் குறைந்த ஒலி காதில் விழாது. மிக்ஸி 80 டெசிபலைத் தாண்டி இரையும், அதனால் அலறினான். நாம் பக்கத்தில் உட்கார்ந்து பேசுவது 60 டெசிபல் சுமாருக்குத்தான் இருக்கும். அவனைப் பொறுத்தவரை அந்த அட்டைக்காரர்கள் வாயை அசைத்துக்கொண்டிருந்தார்கள், அவ்வளவுதான்.

குறைவான இழப்பு இன்னும் ஏமாற்றும். உயிரெழுத்துகள் கனமாக ஒலிப்பவை, காதில் விழுந்துவிடும். ‘ஸ’ மாதிரிச் சீறும் ஒலிகள் மெலிந்தவை, நழுவிவிடும். ‘சட்டை’ என்பது ‘அட்டை’யாகக் கேட்கலாம். பெயர் சொன்னால் திரும்புவான், சொன்னது மட்டும் புரியாது. அடிக்கடி சளி பிடிக்கும் குழந்தைக்கு நடுக்காதில் நீர் கோத்திருந்தால் ஒரு வாரம் கேட்கும், மறுவாரம் மங்கும். “வேணும்னே கேக்காத மாதிரி இருக்கான்” என்று அம்மா சொன்னால் அங்கேயே நில்லுங்கள்.

“பிறந்தப்பவே டெஸ்ட் எடுத்தாச்சு” என்பதும் போதாது. பிறந்த குழந்தைக்கு வழக்கமாக எடுக்கும் ஓஏஇ சோதனை உள்காதின் மயிர்ச்செல்கள் வேலை செய்கின்றனவா என்று மட்டும் பார்க்கும். கோளாறு நரம்பில் இருந்தால் அதில் பாஸாகிவிடலாம். கடும் மஞ்சள்காமாலை வந்த குழந்தைக்கும் தீவிர சிகிச்சையில் கிடந்த குழந்தைக்கும் பெரா கட்டாயம். பிறகு மூளைக்காய்ச்சல் வந்து கேட்கும் திறன் போவதும் உண்டு.

இவ்வளவு அவசரம் ஏன்? வெர்க்கர், டீஸ் என்ற உளவியல் ஆய்வாளர்கள் 1984-இல் வெளியிட்ட ஆய்வில், ஆங்கிலம் பேசும் வீட்டுக் குழந்தைகள் 6-8 மாதத்தில் இந்தியின் ‘த’, ‘ட’ ஒலிகளைப் பிரித்தறிந்தார்கள்; 10-12 மாதத்தில் பெரும்பாலும் முடியவில்லை. முதல் வார்த்தை வருவதற்கு முன்பே காது தன் மொழிக்குப் பழகிவிடுகிறது. அதனால்தான் 1 மாதத்துக்குள் முதல் சோதனை, 3 மாதத்துக்குள் உறுதிசெய்தல், 6 மாதத்துக்குள் சிகிச்சை என்று வரையறை வைத்திருக்கிறார்கள். முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் காக்ளியர் கருவி (அறுவை செய்து உள்காதில் வைப்பது) பொருத்துவதற்கும் 6 வயது வரம்பு உண்டு. அந்தப் பையனுக்குக் காதுக் கருவியே போதுமானதாக இருந்தது. எல்லாருக்கும் அப்படி அமையாது.

அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளின் காது மூக்கு தொண்டைப் பிரிவில் இந்தச் சோதனைகள் செய்கிறார்கள். ரிப்போர்ட் கைக்கு வரும்வரை பட அட்டையைத் தொடாதீர்கள்.

‘சொல்லு, சொல்லு’ என்று நச்சரிப்பது

குழந்தை தண்ணீர்க் குடத்தைக் கை காட்டுகிறது. ‘தண்ணின்னு சொன்னாத்தான் தருவேன்’ என்கிறார் அம்மா. குழந்தை அழுகிறது. கை காட்டுவதும் பேச்சுதான், வார்த்தைக்கு முந்தைய படி அது. ‘தண்ணி வேணுமா? இந்தா தண்ணி’ என்று சொல்லிக்கொண்டே கொடுங்கள். அப்புறம் கொஞ்சம் சும்மா இருங்கள். பயிற்சியாளர்களுக்குக் கஷ்டமான வேலை இந்தச் சும்மா இருப்பதுதான்.

நாக்கு ஒட்டியிருக்கிறது, வெட்டிவிடலாம் என்பது

நாக்கு ஒட்டியிருந்தால் சில ஒலிகள் தெளியாமல் போகலாம். பேச்சே வராததற்கு அது காரணமில்லை.

மூன்று வயதில் ‘ழ’ திருத்துவது

வேண்டாம்.

வீட்டு மொழியை நிறுத்தச் சொல்வது

மதுரையில் சௌராஷ்டிரம் பேசும் வீடுகள் நிறைய. “வீட்ல ஒண்ணு, வெளியில ஒண்ணுன்னா குழம்பிடும், தமிழ் மட்டும் பேசுங்க” என்று ஒரு பயிற்சியாளர் சொல்லிவிட, பேச்சுக்கார ஆச்சி ஒருவர் பேத்தியிடம் வாயைத் திறப்பதையே நிறுத்திவிட்டார். இரண்டு மொழி கேட்பதால் பேச்சு தாமதமாவதில்லை. பேச்சுக் குறைபாடுள்ள குழந்தைக்கும் அது கூடுதல் சுமையில்லை. பேசும் ஆள் குறைவதுதான் நட்டம்.

இரண்டு வயதில் குழந்தை சுமார் 50 சொல் பேசுகிறதா என்று பார்க்கிறோம் அல்லவா, அதை எல்லா மொழியிலும் சேர்த்து எண்ண வேண்டும். சௌராஷ்டிரத்தில் 30, தமிழில் 25 என்றால் அந்தக் குழந்தைக்கு 55. தமிழை மட்டும் எண்ணி ‘பின்தங்கியுள்ளது’ என்று எழுதிக்கொண்டு வந்தால் நான் கையெழுத்துப் போடுவதில்லை.