பைக்கில் பிலிம் கேமரா கொண்டுபோகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மழையில் நனைக்காதீர்கள், கீழே போடாதீர்கள் என்பதெல்லாம் யாரும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. அவற்றை விட்டுவிடுகிறேன். முதன்முதலாகப் பிலிம் கேமராவோடு பைக்கில் கிளம்புகிறவர்களை அடிக்கடி பார்க்கிறேன், ஒரு காலத்தில் நான் கட்டிக்கொண்டு போன மாதிரியேதான் அவர்களும் கட்டிக்கொண்டு போகிறார்கள். அதில் ஒன்றைப் பார்த்தால் மட்டும் இன்றைக்கும் எனக்கு எரிச்சல் வருகிறது.

## கேமராவை வண்டியோடு சேர்த்துக் கட்டுவது

டாப் பாக்ஸ், சைடு பாக்ஸ், பின் கேரியர், எதுவானாலும் கதை ஒன்றுதான். பெட்டி கெட்டியாக இருக்கிறது, பூட்டும் இருக்கிறது, இதைவிடப் பத்திரம் வேறென்ன என்று கேட்பார்கள். மழைக்கும் திருட்டுக்கும் அது பத்திரம், சரி. ஆனால் அந்தப் பெட்டி வண்டியின் சட்டத்தோடு போல்ட் போட்டு முடுக்கப்பட்டிருக்கிறது. ஒற்றை சிலிண்டர் எஞ்சின் 3000 ஆர்பிஎம்மில் ஓடினால் நொடிக்கு 50 முறை உதறும். ஒரு மணி நேரத்துக்கு 1,80,000 உதறல். பள்ளத்தில் இறங்கி ஏறும்போது வரும் பெரிய அடியைப் பற்றித்தான் எல்லோரும் கவலைப்படுகிறார்கள். கேமராவைக் கெடுப்பது இந்த ஓயாத சின்ன உதறல்.

பழைய கேமராவுக்குள் இருக்கும் திருகுகள் பல அரிசிமணியைவிடச் சிறியவை. அவை கழன்றுவிடாமல் இருக்கத் தலையில் ஒரு துளி அரக்கு வைத்திருப்பார்கள், பல பத்தாண்டுகளில் அது காய்ந்து பொரிந்துபோயிருக்கும். அதன்பின் அதிர்வு ஒன்று போதும், திருகு தானாகவே கொஞ்சம் கொஞ்சமாகச் சுழன்று வெளியே வரும். லென்ஸ் கண்ணாடிகளைப் பிடித்திருக்கும் வளையத்துக்கும் இதே கதிதான்.

எனக்குத் தெரிந்த தம்பி ஒருவர் அருமையான ரேஞ்ச்ஃபைண்டர் கேமரா (கண் வைத்துப் பார்க்கும் வியூஃபைண்டரில் இரண்டு பிம்பங்களை ஒன்றாகச் சேர்த்து ஃபோகஸ் செய்யும் வகை) ஒன்றை ஜாக்கெட்டில் சுற்றி டாப் பாக்ஸில் வைத்து நீண்ட பயணம் போய்வந்தார். கேமராவில் ஒரு கீறல் இல்லை. பிலிமைக் கழுவிப் பார்த்தால் மலை, சாலை, வானம் எல்லாம் பளிச்சென்று இருக்கின்றன; வழியில் பழகிய மனிதர்களின் முகங்கள் மட்டும் ஒன்றுவிடாமல் கலங்கல். ஒரு பெரியவரின் படத்தில் கண் மங்கி, அவருக்குப் பின்னால் இருந்த சுவரின் காரை வெடிப்பு அத்தனை துல்லியமாக விழுந்திருந்தது. முதலில் லென்ஸைக் குறை சொன்னார், அப்புறம் தன் கையைக் குறை சொன்னார். உண்மையில் ஃபோகஸ் பார்க்கும் அந்த ரேஞ்ச்ஃபைண்டர் அமைப்பு விலகியிருந்தது. அதற்குள் அசையும் கண்ணாடியின் நிலையைச் சிறு திருகுகள்தான் தீர்மானிக்கின்றன. அவை துளி நகர்ந்தாலும் வியூஃபைண்டரில் இரு பிம்பமும் ஒன்றாகச் சேர்கிற இடம் ஓரிடம், லென்ஸ் உண்மையில் ஃபோகஸ் செய்கிற இடம் வேறிடம் என்று ஆகிவிடும். வெயிலில் லென்ஸ் துளையைச் சுருக்கி எஃப் 11-இல் எடுத்த படங்களில் கிட்டத்தும் தூரமும் சேர்ந்தே தெளிவாக விழுவதால் அந்தப் பிழை மறைந்துகொண்டது. நிழலில் துளையை எஃப் 2-க்கு அகலத் திறந்ததும் வெளியே வந்துவிட்டது. டிஜிட்டலாக இருந்தால் முதல் படத்திலேயே கண்டுபிடித்திருப்பார். பிலிமில் பயணம் முழுவதும் முடிந்த பிறகுதான் தெரியும், அந்த மனிதர்களை மறுபடி எங்கே போய்த் தேடுவது?

கொஞ்சம் ஸ்பாஞ்ச் போட்டால் போதாதா என்பார்கள். மெல்லிய, விறைப்பான ஸ்பாஞ்சைப் பெட்டியில் திணித்து அதற்குள் கேமராவை இறுக்கி வைத்தால் அதிர்வு அப்படியே கடந்து வரும். புதிய கருவியும் இதற்கு விலக்கில்லை: அதிக சக்தியுள்ள மோட்டார் சைக்கிள் எஞ்சின்களின் அதிர்வு ஐபோன் கேமராவைக் கெடுக்கலாம், கைப்பிடியில் நேரடியாகப் பொருத்த வேண்டாம் என்று ஆப்பிள் நிறுவனமே 2021-இல் எச்சரித்தது.

சரி, எங்கேதான் வைப்பது? உங்கள் உடம்பில். அதிர்வை உடம்பைப் போல விழுங்குவது வேறெதுவும் இல்லை. முதுகுப் பையில், துணிமணிகளுக்கு நடுவில், முதுகெலும்பில் நேராக முட்டாதபடி ஓரமாக வையுங்கள். கெட்டியான இரும்புப் பொருள் முதுகில் பதிந்திருக்கையில் விழுந்தால் கேமராவைவிடப் பெரிய சேதம் உங்களுக்கு. வேறு வழியே இல்லை, வண்டியில்தான் வைக்க வேண்டும் என்றால் மென்மையான பையில், அடியில் தடிமனான ஸ்வெட்டரை மடித்துப் போட்டு, அதன்மேல் கேமராவை இறுக்காமல் வையுங்கள்.

போய்ச் சேர்ந்ததும் ரோல் போடுவதற்கு முன் ஒரு சோதனை. ரேஞ்ச்ஃபைண்டர் என்றால், லென்ஸை முடிவிலிக்குத் திருப்பி, தூரத்துக் கோபுரத்தையோ நிலவையோ வியூஃபைண்டரில் பாருங்கள். இரண்டு பிம்பமும் ஒன்றின்மேல் ஒன்று சரியாக உட்கார வேண்டும். உட்காரவில்லையா, அந்தக் கேமராவில் லென்ஸை முழுக்கத் திறந்து கிட்டத்துப் படம் எடுக்காதீர்கள், சர்வீஸுக்குக் கொடுங்கள். எஸ்எல்ஆர் (உள்ளே இருக்கும் கண்ணாடியின் உதவியால் லென்ஸ் வழியாகவே பார்த்து எடுக்கும் வகை) என்றால் காதருகே வைத்து மெல்ல அசைத்துப் பாருங்கள், முன்பு இல்லாத கடகட சத்தம் கேட்டால் எதுவோ கழன்றிருக்கிறது. பையைக் கவிழ்த்து அடியில் திருகு கிடக்கிறதா என்று தேடுங்கள், கிடைத்தால் ஒட்டுநாடாவில் ஒட்டிப் பத்திரப்படுத்துங்கள்.

## கழுத்தில் தொங்கவிட்டு ஓட்டுவது

வேண்டாம்.

## ரீவைண்ட் குமிழைக் கவனிக்காமல் பையில் திணிப்பது

பல பழைய கேமராக்களில் இந்தக் குமிழை மேலே இழுத்தால் பின்கதவு திறந்துகொள்ளும். இறுக்கமான பையிலிருந்து அவசரமாக உருவும்போது ஓரத்தில் மாட்டி இழுபட்டால் ரோலில் வெளிச்சம் ஏறிவிடும். குமிழ் இருக்கும் பக்கம் பையின் அடியை நோக்கி இருக்கட்டும்.

## மூடியில்லாமல் வெயிலுக்குக் காட்டுவது

துணி ஷட்டர் உள்ள ரேஞ்ச்ஃபைண்டர்களுக்கு இது மிக முக்கியம். எஸ்எல்ஆரில் குறுக்கே கண்ணாடி இருக்கிறது, இவற்றில் லென்ஸுக்கும் ஷட்டர் திரைக்கும் நடுவே எதுவும் இல்லை. டீ குடிக்க நிறுத்தும்போது ஹேண்டில்பாரில் மாட்டிவிட்டுப் போனால், லென்ஸ் சூரியனைக் குவித்துத் திரையில் ஊசித்துளை அளவுக்குப் பொசுக்கிவிடும். அப்புறம் ஒவ்வொரு படத்திலும் ஒரு வெள்ளைப் புள்ளி.

## சீட்டுக்கு அடியில் வைப்பது

எஞ்சின் சூடு, மேலே வெயில். பிலிமின் நிறம் மாறும், லென்ஸ் கிரீஸ் இளகி, லென்ஸ் துளையைச் சுருக்கி விரிக்கும் அப்பர்ச்சர் தகடுகளில் படிந்து ஒட்டிக்கொள்ளும். எடுக்காத ரோல்களையும் அங்கே வைக்காதீர்கள்.