பிளேயர் முட்டி போட்டதும் கிளம்புற சத்தத்த எப்படிப் பிரிச்சுப் பார்க்கிறது

ஒரு பிளேயர் கிரவுண்ட்ல ஒரு கால முட்டி போட்டு உக்கார்றாரு, இல்ல நெஞ்சுல ஏதோ எழுதின டீ-ஷர்ட்டோட வார்ம்-அப்புக்கு வர்றாரு, அவ்ளோதான், அடுத்த அரை மணி நேரத்துல போன் முழுக்க சண்டை. ஒருத்தர் தேசத்துரோகிங்கிறாரு, ஒருத்தர் ஹீரோங்கிறாரு, இன்னொருத்தர் விளையாட்டுல எதுக்குப்பா அரசியல்னு கேக்குறாரு. இதுல எத காதுல வாங்குறது, யாருக்கு பதில் சொல்றது, எத தாண்டிப் போறதுன்னு தெரியாம நிறைய பேர் முழிக்கிறாங்க. அமெரிக்கால போலீஸ் வன்முறைக்கும் நிறவெறிக்கும் எதிரா பிளேயர்ஸ் குரல் கொடுத்தப்ப நடந்தத வச்சு, இந்த ரியாக்‌ஷன எல்லாம் நான் எப்படிப் படிக்கிறேன்னு சொல்றேன். முன்னாடியே சொல்லிடுறேன், நான் நடுவுல நின்னு எழுதல. போலீஸ் கைல ஆளுங்க சாகுறத கேள்வி கேக்குறவங்க பக்கம்தான் நிக்கிறேன், ஆனா எதிர்ப் பக்கம் சொல்றதுல எதுல நியாயம் இருக்குன்னு பார்க்காம பேசினா நம்ம பேச்சு நிக்காது.

முதல்ல அவர் என்ன சொன்னாருன்னு முழுசா தேடிப் படிங்க

ரியாக்‌ஷன படிக்கிறதுக்கு முன்னாடி இதச் செய்யணும், பெரும்பாலானவங்க இதத்தான் செய்யறதில்ல. காலின் கேப்பர்னிக் விஷயத்த எடுத்துக்கோங்க. அமெரிக்க ஃபுட்பால் லீக்கான என்எஃப்எல்ல ஃபார்ட்டி நைனர்ஸ் டீமோட குவார்ட்டர்பேக், அதாவது ஆட்டத்த நடத்துற முக்கிய பிளேயர், 2016 ஆகஸ்ட்ல சீசனுக்கு முந்தின மேட்ச்ல தேசிய கீதம் பாடுறப்ப எந்திரிக்காம உக்காந்தே இருந்தாரு. முதல்ல யாருமே கவனிக்கல. ஆகஸ்ட் 26 மேட்ச்லதான் கண்ணுல பட்டுச்சு, அப்புறம்தான் கேள்வி வந்துச்சு, அவரும் பதில் சொன்னாரு: கறுப்பின மக்களையும் மத்த நிறத்து மக்களையும் ஒடுக்குற நாட்டோட கொடிக்கு பெருமைய காட்ட நான் எந்திரிக்க மாட்டேன், தெருவுல பிணம் கிடக்குது, அதுக்குக் காரணமானவங்க சம்பளத்தோட லீவுல போய் தப்பிச்சுக்குறாங்கன்னு.

அந்த வருஷம் ஜூலை 5ஆம் தேதி பேட்டன் ரூஜ்ல ஆல்டன் ஸ்டெர்லிங், மறுநாளே மினசோட்டால ஃபிலாண்டோ காஸ்டில், ரெண்டு பேரும் போலீஸ் துப்பாக்கிச் சூட்டுல செத்திருந்தாங்க, ரெண்டோட வீடியோவையும் நாடே பார்த்திருந்துச்சு. ஜூலை 7 டல்லாஸ்ல ஒருத்தன் 5 போலீஸ்காரங்கள சுட்டுக் கொன்னான். இவ்வளவும் நடந்து ரெண்டு மாசம்கூட ஆகல. இந்தத் தேதியெல்லாம் தெரியாம கேப்பர்னிக் உக்காந்தத மட்டும் பார்த்தா ஒரு பணக்கார பிளேயர் திடீர்னு திமிர் பிடிச்சு உக்காந்த மாதிரிதான் தெரியும்.

எதிர்ல வந்த பேச்சுல ரொம்ப பெருசா கேட்டது, ராணுவ வீரர்கள அவமானப்படுத்திட்டான்னு. ஆனா ரெண்டு நாள் கழிச்சு அவரே நிருபர்கள்கிட்ட, நாட்டுக்காக சண்டை போட்டவங்க மேல எனக்கு பெரிய மரியாதை இருக்கு, என் குடும்பத்துலயும் நண்பர்கள்லயும் அப்படிப்பட்டவங்க இருக்காங்கன்னு தெளிவா சொல்லிட்டாரு. ஆகவே ராணுவம்ங்கிறது எதிர்த்தவங்க கொண்டு வந்து சேர்த்த விஷயம். அதே சமயம் கொடின்னு அவர் வாயாலயே சொன்னது உண்மை, கொடிய பார்த்தா கண் கலங்குற ஒருத்தருக்கு அது வலிச்சிருக்கும், அந்த வலிய நடிப்புன்னு சொல்லக்கூடாது. அப்புறம் அதே மாசம் பிராக்டிஸ்ல போலீஸ் தொப்பி போட்ட பன்னி படம் இருந்த சாக்ஸ் போட்டிருந்தாரு. கெட்ட போலீஸ்காரங்கள மட்டும்தான் சொன்னேன்னு விளக்கம் கொடுத்தாரு, ஆனாலும் ஒழுங்கா வேலை பார்க்குற ஒரு போலீஸ்காரருக்கு அதப் பார்த்து கோவம் வந்திருந்தா அதுல நியாயம் இருக்குன்னுதான் நான் நினைக்கிறேன்.

கோவம் எது மேலன்னு பாருங்க

இனி ஒவ்வொரு ரியாக்‌ஷனையும் எடுத்து ஒரே கேள்வி கேளுங்க. பிளேயர் சொன்ன விஷயத்துக்கு, அதாவது போலீஸ் கைல ஆள் சாகுறதுக்கு, இந்தப் பேச்சுல ஏதாவது பதில் இருக்கா? அப்படியெல்லாம் நடக்கல, இல்ல நடக்குது ஆனா காரணம் வேறன்னு யாராவது சொன்னா அது விவாதம், உக்காந்து பேசலாம். ஆனா நிறைய பேச்சு அங்க போகவே போகாது. இடம் சரியில்ல, நேரம் சரியில்ல, முறை சரியில்ல, கோடிக்கணக்குல சம்பளம் வாங்குறவனுக்கு என்ன ஒடுக்குமுறைன்னு சுத்தி சுத்தி வரும். கடைசி கேள்விக்கு மட்டும் ஒரு வரி: கேப்பர்னிக் தனக்காக பேசவே இல்ல, செத்தவங்களுக்காகத்தான் பேசினாரு, பத்து லட்சம் டாலர் தர்றேன்னு சொல்லி ஒவ்வொரு அமைப்பா பிரிச்சு கொடுத்தும் முடிச்சாரு.

முறை சரியில்லன்னு சொல்றவங்கள சோதிக்க ஒரு நல்ல வழி இருக்கு. முறை மாறினப்ப இவங்க மாறினாங்களான்னு பாருங்க. நேட் பாயர்னு ஒருத்தர், அமெரிக்க ராணுவத்தோட சிறப்புப் படைல இருந்தவர், அப்புறம் அமெரிக்க ஃபுட்பால் ஆடினவர், கேப்பர்னிக்குக்கு திறந்த கடிதம் எழுதினாரு. ரெண்டு பேரும் சந்திச்சாங்க. உக்கார்றதுக்கு பதிலா முட்டி போடுங்க, செத்துப்போன தோழனோட கல்லறை முன்னாடி நாங்க அப்படித்தான் முட்டி போடுவோம்னு சொன்னாரு. கேப்பர்னிக் ஒத்துக்கிட்டு செப்டம்பர் 1 சான் டியாகோ மேட்ச்ல முட்டி போட்டாரு, பக்கத்துல எரிக் ரீட்னு அவர் டீம்மேட்டும் முட்டி போட்டாரு, பாயர் நெஞ்சுல கை வச்சு நின்னாரு. மரியாதைய கூட்டணும்னே மாத்தின முறை அது. கூச்சல் குறைஞ்சதா? இல்ல, அன்னிக்கும் மைதானத்துல எதிர்த்து கூச்சல் போட்டாங்க.

இதவிட சின்னதா, அமைதியா எப்படி சொல்ல முடியும்னு கேட்டா ஒரு பொண்ணுங்க டீம் காட்டிச்சு. 2016 ஜூலை 9, மினியாபொலிஸ், மினசோட்டா லிங்ஸ் கூடைப்பந்து டீம். மாற்றம் நம்மகிட்ட இருந்து தொடங்குது, நீதியும் பொறுப்பும்னு முன்னாடி எழுதின டீ-ஷர்ட். பின்னாடி ஸ்டெர்லிங் பேரு, காஸ்டில் பேரு, கூடவே செத்துப்போன போலீஸ்காரங்களுக்காக டல்லாஸ் போலீஸோட சின்னம், அதுக்குக் கீழ பிளாக் லைவ்ஸ் மேட்டர், அதாவது கறுப்பின உயிர்களும் முக்கியம்ங்கிற இயக்கத்தோட வாசகம். கீதத்துக்கு யாரும் உக்காரல, பன்னி படம் இல்ல, ரெண்டு பக்கத்து சாவுக்கும் சேர்த்து துக்கம். அப்பவும் செக்யூரிட்டி வேலைக்கு வந்த 4 ஆஃப்-டியூட்டி போலீஸ்காரங்க வேலைய விட்டுட்டு நடந்து போயிட்டாங்க, போலீஸ் யூனியன் தலைவர் அவங்கள பாராட்டினாரு. நாலு வருஷம் கழிச்சு அதே ஊர்லதான் ஜார்ஜ் ஃப்ளாய்ட் கழுத்து மேல ஒரு போலீஸ்காரர் 9 நிமிஷத்துக்கு மேல முட்டி வச்சு அழுத்தினாரு. அந்த டீ-ஷர்ட்ட பத்தி படிக்கிறப்ப எல்லாம் எனக்கு நெஞ்சு அடைக்குது, அவ்வளவு கவனமா, அவ்வளவு பணிவா சொல்லியும் கேக்க முடியலயே.

இன்னும் பின்னாடி போனாலும் இதேதான். 1968 மெக்சிகோ ஒலிம்பிக்ஸ், 200 மீட்டர்ல டாமி ஸ்மித் 19.83 செகண்ட்ல உலக சாதனையோட தங்கம், ஜான் கார்லோஸ் வெண்கலம், ரெண்டு பேரும் மேடைல கறுப்பு கிளவுஸ் கைய உயர்த்தி நின்னாங்க, ஒரு வார்த்தை பேசல. ஒலிம்பிக் கமிட்டி தலைவர் ஏவரி பிரண்டேஜ் நெருக்கினதுல ரெண்டு பேரையும் வெளிய அனுப்பினாங்க. இதே பிரண்டேஜ் 1936 பெர்லின்ல நாஜி சல்யூட்டுக்கு ஆட்சேபணை சொல்லாதவரு. 1963ல மார்ட்டின் லூதர் கிங் பேசின வாஷிங்டன் பேரணிய இன்னிக்கு உலகமே கொண்டாடுது, ஆனா அது நடக்குறதுக்கு முன்னாடி காலப்ங்கிற கருத்துக்கணிப்பு நிறுவனம் கேட்டப்ப, அதப் பத்தி கேள்விப்பட்டவங்கள்ல 60 சதவீதம் பேருக்கு அது பிடிக்கல, 23 சதவீதம்தான் ஆதரவு. ஆக, அமைதியா பண்ணியிருந்தா கேட்டிருப்போம்னு யாராவது சொன்னா இந்தக் கணக்க காட்டுங்க.

சத்தத்த வச்சு எண்ணிக்கைய முடிவு பண்ணாதீங்க

கத்துறவங்க எப்பவும் நிறைய பேர் மாதிரி தெரிவாங்க. 2016ல கேப்பர்னிக் ஜெர்சிய எரிச்ச வீடியோ பரவிக்கிட்டு இருந்த அதே நேரத்துல என்எஃப்எல் ஆன்லைன் கடைல அதிகமா வித்த ஜெர்சியும் அவரோடதுதான். 2021 ஜூன்ல இங்கிலாந்து ஃபுட்பால் டீம் மிடில்ஸ்ப்ரோல முட்டி போட்டப்ப கொஞ்ச பேர் கூச்சல் போட்டாங்க, உடனே மத்தவங்க கை தட்டி அத அமுக்கப் பார்த்தாங்க, டிவில பார்த்தவங்களுக்கு எது முதல்ல காதுல விழுந்துச்சோ அதுதான் ஊரோட கருத்துன்னு ஆகிப்போச்சு.

அதே மாதிரி ஆதரவு அலையையும் அப்படியே நம்பாதீங்க. ஃப்ளாய்ட் இறந்த அடுத்த மாசம், 2020 ஜூன்ல, பிளாக் லைவ்ஸ் மேட்டருக்கு ஆதரவுன்னு சொன்ன அமெரிக்கர்கள் 67 சதவீதம்னு பியூ ரிசர்ச் சென்டர் சொல்லுச்சு, செப்டம்பர்ல அது 55 ஆயிடுச்சு. ஆதரவுக்கு அடையாளமா சோஷியல் மீடியால கறுப்புக் கட்டம் போட்டு போஸ்ட் பண்ணவங்க எல்லாரும் கடைசி வரை வர்றவங்க இல்ல. அதனால ஒரு ரியாக்‌ஷன எடை போடணும்னா மூணு மாசம் கழிச்சு அதே ஆளு, அதே கம்பெனி என்ன பண்ணுதுன்னு திரும்பப் பாருங்க, முதல் வாரத்துல வர்றத வச்சு யாரையும் தலைல தூக்கி வைக்காதீங்க.

கம்பெனி, லீக், போர்டு விஷயத்துல தேதிய வரிசையா எழுதிப் பார்த்தா நல்லா புரியும். 2017 மார்ச்ல கேப்பர்னிக் கான்ட்ராக்ட்ல இருந்து வெளிய வந்தாரு, அப்புறம் எந்த டீமும் எடுக்கல. செப்டம்பர்ல ட்ரம்ப் ஒரு கூட்டத்துல, முட்டி போடுறவங்கள கெட்ட வார்த்தைல திட்டி வெளிய தள்ளணும்னு பேசினாரு, அந்த வாரக் கடைசில 200 பேருக்கு மேல கீதத்தப்ப உக்காந்தாங்க இல்ல முட்டி போட்டாங்க. 2018 மே மாசம், கீதத்தப்ப கிரவுண்ட்ல இருந்தா நிக்கணும், இல்லனா டிரெஸ்ஸிங் ரூமுக்குள்ளயே இருந்துக்கோன்னு லீக் விதி போட்டுச்சு, ரெண்டு மாசத்துல அத நிறுத்தியும் வச்சுச்சு. தன்னை எந்த டீமும் எடுக்காதது பத்தி கேப்பர்னிக் கொடுத்திருந்த புகார்ல 2019ல லீக் அவரோட சமரசம் பண்ணிக்கிச்சு. 2020 ஜூன் 5, கமிஷனர் ரோஜர் குடெல் வீடியோல வந்து, பிளேயர்ஸ் சொன்னத முன்னாடியே கேக்காதது எங்க தப்புன்னாரு. அந்த வீடியோல கேப்பர்னிக் பேரு மட்டும் வரவே இல்ல. ஒரு மன்னிப்புல யாரோட பேர் விட்டுப் போயிருக்குன்னு பார்க்குறது ரொம்ப முக்கியம், வேலைய இழந்தவர் பேரே இல்லாத மன்னிப்ப நான் பாதி மன்னிப்பாத்தான் எடுத்துக்குவேன்.

வீட்டுல, குரூப்ல பேசுறப்ப

மாமாவோ சித்தப்பாவோ ஆல் லைவ்ஸ் மேட்டர்னு ஃபார்வர்ட் அனுப்பினா உடனே நிறவெறியன்னு பாயாதீங்க, அவங்கள்ல பல பேருக்கு அது பிளாக் லைவ்ஸ் மேட்டருக்கு பதிலடியா சொல்லப்பட்ட வாசகம்னே தெரியாது. "மாமா, எல்லா உயிரும் முக்கியம்தான், அதுல நமக்குள்ள சண்டையே இல்ல. இப்ப செத்த ஆளப் பத்தி கேக்குறாங்க, அவர் கேஸ்ல என்ன நடந்துச்சுன்னு படிச்சீங்களா?" இப்படி ஒரு ஆளோட பேருக்கு, ஒரு சம்பவத்துக்கு பேச்ச இறக்கிட்டு வாங்க. போலீஸ்காரங்களும் சாகுறாங்களேன்னு கேட்டா ஆமாங்கன்னு ஒத்துக்கிட்டு அந்த லிங்ஸ் டீ-ஷர்ட் கதைய சொல்லுங்க. அப்பவும் அவர் வேற காரணத்துக்கு தாவினா அங்கயே நிறுத்திக்கலாம்.

இன்னொரு வழியும் இருக்கு. 2020ல ஃப்ளாய்ட் இறந்து ஒரு மாசம்கூட ஆகாத நேரத்துல சாத்தான்குளத்துல ஜெயராஜும் அவர் மகன் பென்னிக்ஸும் போலீஸ் கஸ்டடில அடிபட்டு அடுத்தடுத்த நாள் செத்தாங்க. ஊரடங்கு நேரத்துக்கு மேல கடைய திறந்து வச்சாங்கன்னுதான் போலீஸ் சொன்ன கேஸ். மதுரை ஹைகோர்ட் பெஞ்ச் தானா எடுத்து விசாரிச்சது, அப்புறம் சிபிஐக்கு போச்சு. "சித்தப்பா, அப்ப நம்ம ஊர்ல கடையடைச்சாங்களே, அத யாராவது முறை சரியில்லன்னு சொன்னா உங்களுக்கு எப்படி இருந்திருக்கும்?" அங்க நிறம், இங்க வேற கதை, ரெண்டும் ஒண்ணுன்னு நான் சொல்ல வரல. ஆனா லாக்கப்ல ஒரு உயிர் போனா முதல்ல எத கேக்கணும்னு நமக்கு யாரும் கத்துக் கொடுக்க வேண்டியதில்ல.

கெட்ட வார்த்தைல திட்டுறவன், செத்தவர் மேலயே பழிய போடுறவன், இவங்களுக்கு பதில் எழுதி நேரத்த வீணாக்காதீங்க. அந்த நேரத்துல கேஸ பத்தின செய்திய நாலு பேருக்கு அனுப்பினா உபயோகம்.

கட்டாயப்படுத்தினா என்ன பண்றது

முட்டி போடாத எல்லாரும் எதிரி இல்ல. 2021 டி20 உலகக் கோப்பைல தென்னாப்பிரிக்கா போர்டு, மேட்ச் அன்னிக்கு காலைல, எல்லாரும் முட்டி போட்டே ஆகணும்னு உத்தரவு போட்டுச்சு, குவின்டன் டி காக் அந்த மேட்ச்ல இருந்தே விலகிட்டாரு. அப்புறம் மன்னிப்பு கேட்டு, என் குடும்பத்துலயே கலப்பு நிறத்தவங்க இருக்காங்க, உத்தரவு போட்ட விதம்தான் பிரச்சினைன்னு சொல்லி அடுத்த மேட்ச்ல முட்டி போட்டாரு. அவர் விலகினது எனக்குப் பிடிக்கல, எதிர்ல ஆட இருந்தது வெஸ்ட் இண்டீஸ் வேற. ஆனாலும் உத்தரவுல போட்ட முட்டி எதுவும் சொல்லாதுங்கிறதும் உண்மை.

இந்தியா டீமும் அதே கோப்பைல அக்டோபர் 24 துபாய்ல பாகிஸ்தான் மேட்ச்சுக்கு முன்னாடி முட்டி போட்டுச்சு. ஏன்னு கேட்டதுக்கு, மேனேஜ்மென்ட் சொன்னாங்கன்னு கோலி சொன்னாரு. அன்னிக்கு 10 விக்கெட் வித்தியாசத்துல தோத்தாங்க, ராத்திரியே முகமது ஷமிய மதத்த சொல்லி திட்ட ஆரம்பிச்சாங்க. 30ஆம் தேதி நிருபர்கள் முன்னாடி கோலி, மதத்த வச்சு ஒருத்தர தாக்குறத விட கேவலம் இல்லன்னு நேரடியா சொன்னாரு, அதுக்காக அவரையும் திட்டினாங்க. 24ஆம் தேதி முட்டி போட்டத படம் போட்டு பெருமைப்பட்டவங்க உங்க குரூப்ல இருந்தா, 25ல இருந்து 30 வரைக்கும் ஷமி பத்தி அவங்க என்ன எழுதினாங்கன்னு மேல தள்ளிப் பாருங்க.